துடைப்பம் இடிக்காது

ரெனே வோல்மருக்கு அந்தக் கூடைப்பந்து அரங்கத்து மரப்பலகையில் இருப்புக் கொள்ளவில்லை. காலை மாற்றிப் போட்டாள், மேல்கோட்டைக் கழற்றினாள், மறுபடியும் மாட்டிக்கொண்டாள். மூன்று மணி நேரம் பனியில் வழுக்கி வழுக்கிக் கார் ஓட்டி இந்த நியூ டோகம் ஊருக்கு அவள் வந்தது ஒரே ஒரு பெண்ணைப் பார்க்க. அந்தப் பெண்ணோ பாதி ஆட்டத்திலேயே பெஞ்சில் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு, தோழிகளுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

யாரைக் குற்றம் சொல்வது? நியூ டோகம் பள்ளி எக்கச்சக்கமான புள்ளி வித்தியாசத்தில் முன்னால் போய்விட்டது. அப்படிப் போய்விட்டால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்பது அமெரிக்காவின் இந்த அயோவா மாநிலத்தில் வழக்கம். நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளை இறக்குவது நியூ டோகத்தில் மரியாதை. தோற்கிறவர்களைப் போட்டு மிதிப்பது இந்த டச்சு வம்சத்துக்காரர்களுக்கு ஆகாது. தேவாலயத்தில் கைமாறுகிற அதே வெள்ளை பெப்பர்மிண்ட் மிட்டாய் இங்கேயும் வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. ரெனேயின் கைக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. அவள் அதை வாயில் போட்டுக் கடக்கென்று கடித்து நொறுக்கினாள். பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் அதைக் கடிப்பதில்லை, பிரசங்கம் முடிகிறவரை கன்னத்தில் ஒதுக்கி ஊற வைப்பார்கள்.

ரெனே லார்க்டன் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர். நாலு மாநிலங்களில் அலைந்து, பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து, இவள் கல்லூரியில் தேறுவாள், இவள் தேறமாட்டாள் என்று சொல்வதுதான் அவள் வேலை. இப்போது லார்க்டனுக்கு ஒரு சென்டர் வேண்டும். கூடைக்கு அடியில் நின்று, வருகிற இடியை எல்லாம் வாங்கிக்கொண்டு, தானும் கொடுத்துக்கொண்டு, பந்தை உள்ளே போடுகிற நெட்டைப் பெண். மார்னி ஊஸ்ட்ராவுக்கு வயது பதினேழு, உயரம் ஆறடி நாலு அங்குலம். பன்றிப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண்.

முதல் பாதியில் ரெனே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். பந்து எப்படி வந்தாலும் மார்னியின் கையில் ஒட்டிக்கொண்டது. கால் தடுமாறவே இல்லை. இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருகிற சமாச்சாரம் இல்லை. ஆனால் பந்தைக் கூடையில் போடும்போது மட்டும் ஒரு கோணங்கித்தனம். பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே வளைத்து, கூரையில் இடித்துவிடுமோ என்று பயப்படும்படி உயரத்துக்கு எறிந்தாள். எதிரே மறிக்கிறவள் அவள் தோளுக்குக்கூட எட்டவில்லை. சும்மா கையை நீட்டி உள்ளே வைத்துவிட்டுப் போகலாம். இவள் வானத்துக்கு அனுப்பினாள். பாதி விழுந்தது, பாதி விழவில்லை.

சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து அதற்குள்ளேயே சுடச்சுடக் கொத்துக்கறியைக் கொட்டித் தருகிற கடையோரமாக நின்று ரெனே தன் தலைமைப் பயிற்சியாளர் கெசனிக்குக்குப் போன் செய்தாள்.

"சொல்லு, எப்படி இருக்கா?"

"கை பிரமாதம் கோச். காலும் சுத்தம்."

"நீ அனுப்பின வீடியோவப் பாத்தேன். அது என்ன, கூரையில இருக்கற குருவிய அடிக்கிற மாதிரி மேல மேல தூக்கிப் போடுது? எதிர்ல நிக்கிறது என் இடுப்பு உசரம்."

"அதுதான் எனக்கும் புரியல."

"யாராவது அவள இடிச்சாங்களா?"

"இங்க இடிக்கிறதுக்கு யாரு இருக்கா? தெரியாம தொட்டாலே ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சாரி கேட்டுக்கறாங்க."

கெசனிக் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "போன வருஷமும் இப்படித்தான், கை பிரமாதம், கால் பிரமாதம்னு ஒருத்தியக் கூட்டிட்டு வந்த. முதல் மாசமே இடி தாங்காம அழுதுட்டு வீட்டுக்குப் போயிட்டா. அந்த இடம் இன்னும் காலியாத்தான் கிடக்கு."

ரெனே போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அலானான்னு ஒருத்தி, பெரிய காலேஜ்ல மூணு வருஷம் இடி வாங்கிப் பழகினவ. நம்மகிட்ட வரேங்கறா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் காத்திருப்பா. ஸ்காலர்ஷிப் ஒண்ணுதான் இருக்கு. நீ சரின்னு சொன்னா இந்தப் பொண்ணு, இல்லன்னா அலானா. ஆனா ரெனே, இந்தத் தடவையும் உன் பேச்சக் கேட்டு ஏமாந்தேன்னு வை, அப்புறம் உன்ன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் எரிச்சல். ரெனேயும் ஒரு காலத்தில் லார்க்டனில் சென்டராக ஆடியவள். கல்லூரி அரங்கத்தின் சுவரில் வருஷ வாரியாக அணிகளின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வருஷம் இல்லை. அன்றைக்கு இருந்த பயிற்சியாளர் ஒரு பெண்ணை அணிக்குச் சேர்க்கும்போது விதியை மீறிவிட்டு மூடி மறைத்தார். அந்தப் பெண் மூன்றாவது வருஷம் ஆடிக்கொண்டிருக்கும்போது அது வெளியே வந்தது. கல்லூரி விளையாட்டுச் சங்கம் அந்த வருஷத்தையே பதிவிலிருந்து அழித்தது. ரெனே அந்த வருஷம் எடுத்த புள்ளிகள், ஜெயித்த ஆட்டங்கள், உடைத்துக்கொண்ட முழங்கால் எல்லாமே நடக்காதவை ஆகிவிட்டன. முழங்கால் மட்டும் இன்றைக்கும் வலிக்கிறது. ஒன்றும் அறியாத அந்தப் பெண், தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று உடை மாற்றும் அறையில் தலையில் அடித்துக்கொண்டு அழுததை ரெனே மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பயிற்சி. பள்ளிப் பயிற்சியாளர் ஆர்லோ டெபூர், வாத்தியார், சரித்திரம் நடத்துகிறவர், குட்டையான மனிதர், ரெனேக்குக் காப்பியும் பாதாம் வைத்த ரொட்டிச் சுருளும் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து அந்த அரங்கத்தில் உட்காருவது அவர் காலத்தில் இதுதான் முதல் தடவை. அதனால் இதற்கெல்லாம் என்ன விதி என்று அவருக்குத் தெரியாது. ரெனேக்குத் தெரியும். இந்த வாரங்களில் பள்ளிப் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கலாம், பிள்ளையிடம் பேசக்கூடாது. சோதித்துப் பார்ப்பது எந்தக் காலத்திலும் கூடாது. ஓடு, குதி என்று சொல்லக்கூடாது. பந்தை எடுத்துக் கையில் கொடுக்கக்கூடாது. வேறொருவரை விட்டுச் செய்யச் சொன்னாலும் குற்றம்தான்.

ரெனே உட்கார்ந்தாள். மார்னி கூடைக்கு அடியில் வந்து நின்றாள். அவள் அண்ணன் கெல்வின், அவனும் பனைமரம்தான், ஒரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து நின்றான். பன்றிக் கொட்டகை பெருக்குகிற நீளக் காம்புத் துடைப்பம். அதைத் தலைக்கு மேலே செங்குத்தாகப் பிடித்தான்.

"கழுவினியா அத?" என்றாள் மார்னி.

"உனக்கு எதுக்குக் கழுவணும்? நீயும் அதே கொட்டகைதானே."

பந்து வந்தது. மார்னி திரும்பினாள். கை தலைக்கு மேலே வளைந்தது. பந்து அண்ணனைத் தாண்டி, துடைப்பத்தின் நுனியைத் தாண்டி, கூரைக்குப் பக்கத்தில் போய், நேராக வலைக்குள் இறங்கியது. மறுபடியும் அப்படியே. கெல்வின் எம்பிக் குதித்துத் துடைப்பத்தை வீசினான். அப்போதும் பந்து அதற்கு மேலேதான் போனது.

ரெனேயின் கையில் இருந்த ரொட்டிச் சுருள் அப்படியே நின்றது. "இது எத்தன நாளா நடக்குது?"

"எட்டாவது படிக்கிறப்பேர்ந்து," என்றார் ஆர்லோ. "எங்க சுத்துவட்டாரத்துல இவ உசரத்துக்கு ஒரு பிள்ள கிடையாதே. காலேஜ்ல எல்லாரும் இவள மாதிரியே நெட்டையா இருப்பாங்களே, அப்ப இவ என்ன பண்ணுவான்னு கெல்வின்தான் ஆரம்பிச்சான்."

"சரி, மேட்ச்ல எதிர்ல நிக்கிறது குட்டைப் பிள்ளைங்கதானே. அங்கயும் எதுக்கு இப்படிப் போடறா?"

"நானும் சொல்லிப் பாத்தேன். 'இவங்களுக்கு எதிரா ஆடினா இவங்களோடயே நின்னுடுவேன் கோச்'ன்னா. அதுக்கப்புறம் நான் ஏன் வாயத் திறக்கறேன்?"

ரெனேக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேற்று ஊரே பார்க்க அந்தப் பெண் ஆடியது எதிரே நின்ற பிள்ளைகளோடு இல்லை. இன்னும் பார்த்தே இராத, எங்கேயோ இருக்கிற நெட்டைப் பெண்களோடு. பாதிப் பந்து விழாவிட்டாலும் பரவாயில்லை என்று ஆடியிருக்கிறாள். அதைப் போய்க் கோணங்கித்தனம் என்று நினைத்தோமே என்று ரெனேக்கு வெட்கமாகக்கூட இருந்தது. போனைக் கையில் எடுத்தாள். சரி என்று ஒரு வார்த்தை அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

அனுப்பவில்லை. ஏனென்றால் கெசனிக் கேட்டது வேறு. துடைப்பம் உயரமாக நிற்கும். துடைப்பம் இடிக்காது.

"இவள யாராவது இடிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஆர்லோவுக்குக் காப்பி புரையேறியது. "இடிக்கிறதா? பசங்கள விட்டு ஒரு பொண்ண இடிக்கச் சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை அவ அம்மா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"பொண்ணுங்க?"

"அவங்க இடிச்சா அவங்கதான் கீழ விழுவாங்க. இவ ஆட்டத்த விட்டுட்டுத் தூக்கிவிடப் போயிடுவா. அதனால எல்லாரையும் தள்ளியே நிக்கச் சொல்லிட்டேன்."

ரெனே மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பாடுபட்டு உயரத்தைத் தாண்டச் சொல்லிக்கொடுத்தார்கள், சரி. உடம்பு என்று ஒன்று உண்டே? கல்லூரியில் எதிரே நிற்பவள் மரியாதையாகவா நிற்பாள்? இடுப்பால் இடிப்பாள், முழங்கையால் குத்துவாள், நடுவர் பார்க்காதபோது சட்டையைப் பிடித்து இழுப்பாள். போன வருஷத்துப் பெண் அதில்தான் போனாள். நல்லவர்களாக இருந்தே இந்த ஊர்க்காரர்கள் பிள்ளையைக் கெடுத்து வைத்திருக்கிறார்களே என்று ரெனேக்கு ஆத்திரமாக வந்தது.

உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இடுப்பில் ஒரு இடி. ஒரே ஒரு இடி இடித்துப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். அதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் கேட்கக்கூடாது, சொல்லக்கூடாது, தொடக்கூடாது. கை அரித்தது. அவள் காலை ஆட்டிய ஆட்டத்தில் பலகையே அதிர்ந்தது. போனில் கெசனிக்கின் செய்தி வந்து விழுந்தது: "என்ன ஆச்சு?" அதைப் பார்க்காததுபோலக் கோட்டுப் பைக்குள் தள்ளினாள்.

அந்த நேரம் பார்த்துக் கெல்வினின் போன் அடித்தது. பேசிவிட்டுத் துடைப்பத்தைக் கீழே போட்டான். "பன்னி குட்டி போடுதாம், அப்பா தனியா இருக்காரு. ஏய் ஒட்டகச்சிவிங்கி, நான் கிளம்பறேன். கோச்ச ஏணி மேல ஏத்தி நிக்க வச்சு ஆடு."

"போ, நாத்தமாவது குறையும்," என்றாள் தங்கை.

ஆர்லோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் தூக்கிப் பிடித்தால் அது மார்னியின் விரலுக்குக்கூட எட்டாது. ரெனேயைப் பார்த்தார்.

"நீங்க நல்ல உசரமாத்தானே இருக்கீங்க. உக்காந்து பலகைய ஆட்டிக்கிட்டு இருக்கறதுக்கு இதக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன்."

கூடாது என்று ஒரு வார்த்தை. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த கை அதற்குள் துடைப்பத்தை வாங்கிவிட்டது.

முதல் பந்துக்கு ரெனே ஒழுங்காகத் துடைப்பத்தைத் தூக்கித்தான் பிடித்தாள். பந்து அதன் மேலே போனது. இரண்டாவது பந்துக்கு அவள் துடைப்பத்தை ஒற்றைக் கைக்கு மாற்றிக்கொண்டு, தன் இடுப்பால் மார்னியின் இடுப்பில் ஒரு இடி கொடுத்தாள். நல்ல இடி. லார்க்டனில் ஆடிய காலத்து இடி.

மார்னி இரண்டடி தள்ளிப் போனாள். "சாரி," என்றாள்.

இடி வாங்கியவள் சாரி கேட்கிறாள். ரெனே காலை ஊன்றிக்கொண்டாள். மறுபடியும் இடித்தாள். மார்னி மறுபடியும் ஒதுங்கி இடம்விட்டாள், மறுபடியும் சாரி. அவ்வளவுதான், அலானாதான் என்று ரெனே நினைத்தாள். போன வருஷத்துக் கதையேதான்.

மூன்றாவது தடவை மார்னி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க வேணும்னேதான் இடிக்கிறீங்களா?"

"ஆமா."

மார்னி ஆர்லோவைப் பார்த்தாள். அப்புறம் ரெனேயைப் பார்த்தாள். "அப்ப நானும் இடிக்கலாமா?"

"கேட்டுட்டு இடிக்கிற சென்டர இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் ரெனே. "இடி."

பந்து வந்தது. மார்னி முழங்காலை மடக்கித் தணிந்தாள். பண்ணையில் தீவன மூட்டை தூக்குகிற முதுகும் தோளும் ஒன்றாகத் திரும்பின. ரெனேக்கு அடுத்துத் தெரிந்தது கூரை. துடைப்பம் தனியாகச் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. மல்லாக்கக் கிடந்தபடியே அவள் பார்த்தாள்: பந்து உயரப் போய், திரும்பி, வலைக்குள் விழுந்தது. மார்னி முதலில் பந்து விழுவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கிவிட ஓடி வந்தாள். எது முதல், எது பிறகு என்பதை ரெனே கவனித்தாள். முழங்கால் உயிர் போகிற மாதிரி வலித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மார்னியின் முகம் முழுக்க ஆச்சரியம். இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதை இத்தனை நாள் ஏன் யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்பதுபோல இருந்தது. "இன்னொரு தடவ?" என்றாள்.

இன்னொரு தடவை, அதற்கப்புறம் இன்னும் பல தடவை. ரெனே இடித்தாள், மார்னி இடித்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

கடைசியில் ஆர்லோ கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்து கேட்டார். "அப்ப எங்க பொண்ணு பரீட்சையில பாஸா?"

பரீட்சை. என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் ரெனேக்கு உறைத்தது. மார்னி மூச்சு வாங்கிக்கொண்டு, வியர்வை வழிய, பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெனே கோட்டை எடுத்துக்கொண்டு, ஆர்லோவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே வெளியே போனாள். கதவருகே திரும்பிப் பார்த்தபோது மார்னி துடைப்பத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டிருந்தது.

காரில் உட்கார்ந்து கெசனிக்குக்குப் போன் செய்தாள்.

"எடுத்துக்கலாம் கோச். இடி தாங்குவாளான்னு கேட்டீங்க. தாங்கறது என்ன, தர்றா. என்னத் தூக்கிக் கடாசிட்டா."

"உன்னயா?"

"நான் உள்ள இறங்கிட்டேன் கோச். கூடாதுதான். இறங்கிட்டேன்."

"ரெனே," என்றார் கெசனிக் நிதானமாக, "இங்க சிக்னல் சரியில்ல. நீ சொன்னதுல பொண்ணு நல்லா ஆடறாங்கறது மட்டும்தான் எனக்குக் கேட்டுது. மத்தது எதுவும் கேக்கல. அவளையே எடுத்துடுவோம்."

அவ்வளவுதான். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. பெண்ணும் கிடைத்தாள், வேலையும் பிழைத்தது, போன வருஷத்து அவமானமும் தீர்ந்தது. சரி கோச் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தால் போதும். வைத்துவிடலாமா என்று ரெனே நினைத்தாள், நினைக்காமல் என்ன? நாக்கு நுனிவரை வந்தது. பனி விழுந்து கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது. அந்த வெள்ளையில் அவளுக்குத் தெரிந்தது லார்க்டன் சுவரில் பெயர் இல்லாமல் கிடக்கிற அந்த இடம்தான்.

"நான் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன் கோச்."

"உனக்கு என்ன பைத்தியமா? விசாரணை முடியற வரைக்கும் அவகிட்ட நாம பேசக்கூட முடியாது. மாசக்கணக்கா இழுப்பாங்க. நான் இன்னிக்குச் சாயங்காலம் அலானாவுக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லிடுங்க."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"பத்துப் பதினஞ்சு பேரு பாத்துக்கிட்டு நின்னாங்க. எல்லாம் பொய் சொல்லத் தெரியாத சனம். அவ மூணாவது வருஷம் ஆடிட்டு இருக்கறப்ப எவனாவது இதத் தோண்டி எடுத்தா, நான் பண்ணினதுக்கு அவ ஆட்டத்த அழிப்பாங்க. வேணாம் கோச். வேற எங்கயாவது போய் ஆடட்டும். ஆடினது நிக்கட்டும்."

கெசனிக் போனை வைத்துவிட்டார். ரெனே ஸ்டீயரிங்கில் கையால் குத்தினாள். அப்புறம் அழுதாள். தன் அரிப்புக்கு அந்தப் பெண்ணின் இடத்தை விலையாகக் கொடுத்துவிட்டோமே என்று விக்கி விக்கி அழுதாள்.

அடுத்த பனிக்காலம் வந்தது. விசாரணை முடிவதற்குள் மார்னி வெக்ஸ்லர் என்ற வேறொரு கல்லூரியில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இன்னொரு கல்லூரிப் பெண்ணான பிறகு, லார்க்டன்காரர்கள் அவளைத் தேடிப் போய்ப் பேசுவதற்கும் வழியில்லை. ரெனேயின் வேலை போகவில்லை, ஆனால் ஊர் ஊராகப் போய் ஆள் தேடுகிற பொறுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள்.

வெக்ஸ்லர் அணி ஆட வந்தது லார்க்டனுக்கே. கெசனிக் எடுத்த அலானா ஒன்றும் சோடை இல்லை. மார்னியைவிட உயரம், மூன்று வருஷம் அடிபட்டுத் தேறின உடம்பு. வெக்ஸ்லரின் சென்டர்கள் இருவரையும் போட்டு உருட்டினாள். இரண்டாம் பாதியில் அவர்கள் வேறு வழியில்லாமல் முதல் வருஷப் பெண்ணான மார்னியை இறக்கினார்கள்.

ரெனேக்கு மறுபடியும் இருப்புக் கொள்ளவில்லை. தன் அணிக்கு எதிராக ஆட வந்தவளைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, இது என்ன கண்றாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பந்து மார்னியின் கைக்கு வந்தது. அலானா இரண்டு கைகளையும் உயர்த்தி எதிரே நின்றாள். உண்மையாகவே துடைப்பத்தின் உயரம்தான். மார்னி திரும்பினாள், கை தலைக்கு மேலே வளைந்தது, பந்து அலானாவின் விரல் நுனிகளுக்கு மேலே போய் வலைக்குள் இறங்கியது. அடுத்த தடவை அலானா அதற்கு இடம் கொடுக்கவில்லை. இடுப்பில் ஓங்கி ஒரு இடி இடித்தாள். மார்னி நகரவில்லை. முழங்காலை மடக்கித் தணிந்தாள். அலானா பலகைத் தரையில் உட்கார்ந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. மார்னி பந்து விழுவதைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அலானாவைத் தூக்கிவிட்டாள்.

ரெனேயின் கைகள் தாமாகவே ஒன்றோடொன்று தட்டிக்கொண்டுவிட்டன. சட்டென்று தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கெசனிக் பெஞ்சோரமாக நடந்து அவள் பக்கம் வந்தார். ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அன்னிக்குப் போன்ல நீ சொன்னது இதத்தானா?"

"உங்களுக்குத்தான் எதுவும் கேக்கலையே கோச்."

அவர் வந்த வழியே திரும்பிப் போனார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் எதிரும் புதிருமாக வரிசையில் நடந்து கைகுலுக்கிக்கொள்வது வழக்கம். அங்கே யாரும் யாரிடமும் பேசலாம், எந்த விதியும் இல்லை. ஆனால் நிற்க நேரம் இருக்காது, பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். ரெனே கடைசியாக வந்தாள். மார்னி அவள் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"முழங்கால் எப்படி இருக்கு மேடம்?"

"வலிக்குது."

மார்னியின் முகம் சிவந்தது. "நான் இடிச்சதாலதானே நீங்க அப்புறம் வரவே இல்ல?"

ஒரு வருஷமாக இதையா இந்தப் பிள்ளை சுமந்துகொண்டு திரிந்தது? அன்றைக்கு அந்தத் துடைப்பத்தோடு நின்ற முகம் இதுதானா?

"இல்லம்மா. நீ இடிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் உள்ள இறங்கியிருக்கவே கூடாது, அது விதி. இறங்கினது நான். தப்பு முழுக்க என்னோடது. நீ அன்னிக்கு இடிச்ச இடியப் பாத்துட்டுத்தான் உன்ன எடுக்கணும்னே சொன்னேன்."

மார்னி அதை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ அவளை முன்னே தள்ளினார்கள். அவள் நகரவில்லை.

"ஏம்மா," என்றாள் ரெனே, "இடிச்சதாலதான் எல்லாம் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தியே. அப்புறமும் எப்படி இடிச்ச?"

மார்னி கொஞ்சம் யோசித்தாள். ஒரு பெரிய தப்பை ஒத்துக்கொள்கிற மாதிரி குனிந்து, ரெனேயின் காதோரமாகச் சொன்னாள்.

"நல்லா இருந்துச்சு மேடம்."